கொரோனா எங்கிருந்து வந்தது? பெறாமகனுக்கு ஒரு பழைய பி.எச்.ஐ.யின் மறுமொழி

“சித்தப்பா, அது சீனாக்காரன்ர ஆய்வுகூடத்தில இருந்து வந்ததெண்டு சி.ஐ.ஏ.யே சொல்லிட்டுது. நீங்கள் இன்னும் சந்தை, வௌவால் எண்டு கதைச்சுக்கொண்டு இருக்கிறியள்.” போன ஞாயிறு எங்கள் விறாந்தையில் தேத்தண்ணியோடு இருந்து பெறாமகன் சொன்னது இது. நான் வாயைத் திறக்கவும் அவனுக்குக் கொழும்பு பஸ்சுக்கு நேரமாகவும் சரியாக இருந்தது. விட்ட கதையை இங்கே எழுதி முடிக்கிறேன். இதே கேள்வியை வேறு பலரும் என்னிடம் கேட்டிருப்பதால் எல்லாரும் வாசிக்கட்டும்.

கடைசி வரை வாசித்துவிட்டு “சித்தப்பா மழுப்பிட்டார்” என்று நீ சொல்லக்கூடாது என்பதற்காக என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வூஹான் சந்தையில் விற்ற ஏதோ ஒரு விலங்கிலிருந்து மனிதருக்குத் தொற்றியது என்ற பக்கம்தான் நான். பத்துக்கு எட்டு என்று வை. ஆனால் நீதவானுக்கு முன்னால் கூண்டில் ஏற்றிச் சத்தியம் பண்ணு என்றால் பண்ணமாட்டேன். இரண்டையும் ஒரே வாயால் எப்படிச் சொல்லலாம் என்று கேட்பாய். நான் வைரஸ் ஆராய்ச்சியாளன் இல்லை, முப்பது வருடம் பி.எச்.ஐ.யாக, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகராக, மோட்டார் சைக்கிளில் ஒழுங்கை ஒழுங்கையாகத் திரிந்தவன், நோய் எங்கே கிளம்பியது என்று தேடுவதுதான் எங்கள் பிழைப்பு. அந்தப் பிழைப்பில் இப்படி இரண்டையும் ஒன்றாகச் சொல்லவேண்டிய நாட்கள்தான் அதிகம்.

சி.ஐ.ஏ. விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். 2025 ஜனவரியில் அவர்கள் சொன்னது, ஆய்வுகூடத்தோடு தொடர்பான வழியில் வந்திருக்கவே வாய்ப்புக் கூட, ஆனால் இந்த முடிவில் எங்களுக்கு நம்பிக்கை குறைவு என்பது. “குறைந்த நம்பிக்கை” என்பது அவர்கள் உத்தியோகபூர்வமாகவே பாவிக்கிற சொல், அந்த இரண்டாம் பாதியைத்தான் யூரியூப்காரர்கள் வெட்டிவிட்டார்கள். அமெரிக்க எரிசக்தித் திணைக்களமும் அதே பக்கம், அதே குறைந்த நம்பிக்கை. எஃப்.பி.ஐ. மட்டும் நடுத்தர நம்பிக்கை. ஆனால் அதே அரசாங்கத்தின் வேறு நான்கு உளவு அமைப்புகள் விலங்கு வழி என்றுதான் சொல்லியிருந்தன, அவையும் குறைந்த நம்பிக்கையோடுதான். ஜேர்மன் உளவுத்துறை 2020இலேயே ஆய்வுகூடத்துக்கு 80 முதல் 95 வீதம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்ததாக 2025 மார்ச்சில் பத்திரிகைகளில் வந்தது, எதை வைத்துப் போட்டார்கள் என்று எங்களுக்கு யாரும் காட்டவில்லை. காட்டாத ரிப்போட்டை நான் எப்படி வாசிப்பது? டொக்டர் “டெங்கு போல இருக்கு” என்று சொன்னால்கூட இரத்தப் பரிசோதனை வரும் வரை நாங்கள் டெங்கு என்று பதிவதில்லை.

அப்புறம், “ஆய்வுகூடத்தில் இருந்து வந்தது” என்ற அந்த ஒரு வசனத்துக்குள் மூன்று வேறு கதைகள் இருக்கின்றன, சனம் மூன்றையும் ஒன்றாகப் பிசைந்து உருட்டிவிடுகிறது. ஒன்று, உலகத்தை அழிக்கவென்று செய்த உயிராயுதம். இதை அந்த அமெரிக்க உளவு அமைப்புகள் எல்லாமே இல்லை என்றுவிட்டன, இதோடு இதை விடுவோம். இரண்டு, ஆராய்ச்சிக்காக ஒரு வைரஸின் மரபணுவில் கைவைத்து மாற்றியது, அது தவறி வெளியே போனது. மூன்று, குகையில் இருந்து கொண்டுவந்த இயற்கையான வைரஸ், கைவைக்காமலே, வேலை செய்த ஒருவருக்குத் தொற்றி வீட்டுக்குப் போனது. மூன்றாவது நடந்திருந்தால் வைரஸைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது, ஏனென்றால் அதுவும் இயற்கை வைரஸ்தான். “வைரஸ் இயற்கையானது, ஆகவே ஆய்வுகூடம் இல்லை” என்று சில விஞ்ஞானிகள் 2020இல் அவசரப்பட்டுப் பேசியது பிழை. அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது என் கதை ஒன்று. பல வருடத்துக்கு முன், மாரி முடிகிற நேரம், ஒரு ஒழுங்கையில் அடுத்தடுத்து ஒன்பது பேருக்கு டெங்கு. கொழும்பில் படிக்கிற பெடியன் லீவில் வந்து கொண்டுவந்துவிட்டான் என்று ஒழுங்கைச் சனம் ஒரே குரலில் சொன்னது. அவனுக்கும் காய்ச்சல் வந்தது உண்மைதான். நான் கொப்பியில் ஒழுங்கையைக் கீறி, காய்ச்சல் வந்த வீடுகளுக்குப் புள்ளி போட்டேன். பெடியனின் வீடு ஒழுங்கைத் தொங்கலில். புள்ளிகள் எல்லாம் நடுவில் இருந்த ஒரு பூட்டிய வீட்டைச் சுற்றி. வீட்டுக்காரர் கனடாவில், திறப்பு இன்னொருவரிடம். அவரைத் தேடிப்பிடித்துப் படலையைத் திறந்து பின்வளவுக்குப் போனால் மூன்று தண்ணிப் பீப்பா, மூன்றும் கழுவிக் கவிழ்த்தபடி. பிளீச்சிங் பவுடர் மணம் இன்னும் போகவில்லை. பீப்பா நின்ற இடத்தில் மண் வட்ட வட்டமாக ஈரமாக இருந்தது. நான் வருகிறேன் என்று யாரோ முதல்நாளே சொல்லிவிட்டார்கள். எனக்குத் தெரியும் அங்கேதான் நுளம்பு பெருகியது என்று, அந்த ஒழுங்கைக்கே தெரியும். ஆனால் குடம்பியைப் போத்தலில் பிடித்துக் காட்டாமல் வழக்குப் போட முடியாது. போடவில்லை.

வூஹானும் எனக்கு அந்தப் பின்வளவுதான்.

2019 டிசம்பரில் அங்கே நோயுற்றவர்களில் 150க்கு மேற்பட்டவர்களின் வீடுகள் எங்கே இருந்தன என்று மைக்கேல் வொரோபி என்பவரும் கூட இருந்தவர்களும் வரைபடத்தில் புள்ளி போட்டு 2022இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். இதில் நீ கவனிக்கவேண்டியது, இந்த வொரோபி சீனாவுக்கு வக்காலத்து வாங்குகிற ஆள் இல்லை. 2021 மே மாதம் ஆய்வுகூடச் சாத்தியத்தையும் ஒழுங்காக விசாரியுங்கள் என்று கேட்டு 18 விஞ்ஞானிகள் அதே இதழுக்கு எழுதிய கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர். அவர் போட்ட புள்ளிகள் ஹுவானான் சந்தையைச் சுற்றித்தான் குவிந்தன. சந்தையில் வேலை செய்தவர்கள், சாமான் வாங்கப் போனவர்கள் என்றால் அதில் அதிசயம் இல்லை. சந்தையோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்களின் வீடுகளும் அதைச் சுற்றித்தான் இருந்தன, சொல்லப்போனால் தொடர்புள்ளவர்களின் வீடுகளைவிட இன்னும் கிட்ட. இது தெரிந்தபோது நான் கதிரையில் நிமிர்ந்து இருந்தேன். சந்தை வேலைக்குத் தூரத்தில் இருந்தும் ஆள் வரும், ஆனால் சந்தைப் பக்கமே போகாத ஒருவருக்கு வருகிறதென்றால் அக்கம்பக்கத்தில் பரவி வந்திருக்கிறது. டெங்குக் கொப்பி வைத்திருந்த எவருக்கும் இந்தப் படம் விளங்கும்.

எதிர்ப்பக்கம் இதற்குச் சொல்கிற மறுப்பும் விசர்க்கதை இல்லை. ஆரம்பத்தில் வைத்தியர்கள் சந்தைத் தொடர்பு உள்ளவர்களைத்தான் தேடினார்கள், வெளிச்சம் அடித்த இடத்தில்தானே திறப்பைத் தேடுவார்கள் என்கிறார்கள். நியாயமான சந்தேகம்தான், ஆனால் தொடர்பே இல்லாதவர்களும் ஏன் அங்கேயே குவிந்தார்கள் என்பதற்கு அது முழு மறுமொழி இல்லை. இன்னொன்று, வைரஸ் வேறு எங்கோ தொடங்கி, நெரிசலான சந்தைக்குள் வந்து பெருகியிருக்கலாமே என்பது. இருக்கலாம். 1 கோடிக்கு மேல் சனம் உள்ள நகரம், நெரிசலான இடத்துக்குப் பஞ்சமில்லை, ரயில் நிலையம் இருக்கிறது, கடைத்தொகுதிகள் இருக்கின்றன. அவ்வளவையும் விட்டுவிட்டு, காட்டு விலங்கை உயிரோடு விற்ற நான்கு சந்தைகளில் ஒன்றுக்குள்ளேயா முதலில் வெடிக்கவேண்டும்? 2017 மேயில் இருந்து 2019 நவம்பர் வரை அந்த நான்கு சந்தைகளிலும் என்ன விற்றது என்று வேறொரு காரணத்துக்காகக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். 38 இனம், 47,381 விலங்குகள். மரநாய் இருந்தது, ரக்கூன் நாய் (நரி போல ஒரு விலங்கு, இந்த வைரஸ் தொற்றக்கூடியது) இருந்தது. எல்லாரும் பழிசொன்ன வௌவாலும் அழுங்கும் அந்தப் பட்டியலில் இல்லை.

இனி பீப்பா கவிழ்த்த பகுதிக்கு வருகிறேன். 2020 ஜனவரி 1ஆம் திகதி சந்தையை மூடினார்கள். கழுவினார்கள், மருந்தடித்தார்கள். சீன நோய்க் கட்டுப்பாட்டு மையத்தினர் நிலம், வடிகால், வண்டில் என்று சுரண்டி எடுத்த மாதிரிகளில் வைரஸ் இருந்தது, அதுவும் விலங்கு விற்ற மேற்குப் பக்கத்தில் கூடுதலாக. விலங்குகளில் எடுத்த 457 மாதிரிகளில் ஒன்றிலும் இல்லை. அந்த 457இல் ரக்கூன் நாயே இல்லை! சந்தேகப்பட்ட ஆளைத் தவிர அயலட்டை முழுவதையும் விசாரித்த மாதிரி. பிறகு 2023 மார்ச்சில், அந்தச் சுரண்டல் மாதிரிகளின் மரபணுத் தரவு ஒரு பொதுத் தளத்தில் கொஞ்ச நாள் ஏறியிருந்ததை பிரான்சைச் சேர்ந்த புளோரன்ஸ் டெபார் கண்டுபிடித்தார். பார்த்தால் வைரஸ் இருந்த அதே மாதிரிகளில் ரக்கூன் நாயின் மரபணு. விலங்கு அங்கே நின்றது என்பது அத்தோடு உறுதி. ஆனால் அந்த விலங்குக்குத் தொற்று இருந்தது என்பது உறுதி இல்லை. அமெரிக்காவின் ஜெசி புளூம் அதே தரவைக் கணக்குப் பார்த்து, ரக்கூன் நாய் மரபணு கூடின இடத்தில் வைரஸும் கூடவில்லையே என்று காட்டினார். நோயாளி தும்மிய இடத்திலும் வைரஸ் இருக்கும், பக்கத்தில் நாயும் நின்றிருக்கலாம். ஈரவட்டம் இருக்கிறது, குடம்பி இல்லை.

கொரோனாவுக்குச் சொந்தக்கார நோயான 2003 சார்ஸ் அப்படி இல்லை. அது 2002 கடைசியில் சீனாவின் குவாங்டொங்கில் தொடங்கியது, 2003 மேயிலேயே ஷென்சென் சந்தையில் உயிரோடு நின்ற மரநாய்களிடம் வைரஸைப் பிடித்துவிட்டார்கள். (எங்கள் கூரையில் இரவில் ஓடுப்பட்டு உன்னை நித்திரை கொள்ளவிடாத மரநாய்க்குச் சொந்தக்காரன்தான் அது, வேறு இனம். இங்கத்தையது கள்ளு முட்டியில் வாய் வைப்பதோடு சரி.) அன்றைக்குச் சந்தை திறந்திருந்தது, விலங்கு கையில் அகப்பட்டது. 2020இல் மாதக்கணக்கில் தாமதம், அதற்குள் காட்டு விலங்கு வியாபாரத்தையே பெப்ரவரியில் தடைசெய்து பண்ணைகளை மூடிவிட்டார்கள். நோய் பரவாமல் இருக்க அது சரியான வேலை. மூலத்தைத் தேடுகிறவனுக்கு அது பீப்பாவைக் கவிழ்த்தது. மாதிரியை உடனே எடுத்தால் எவ்வளவு வித்தியாசம் என்று எங்கள் ஊரிலேயே பார்த்தோமே. 2024 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு “மர்மக் காய்ச்சல்” என்று வட்ஸ்அப்பில் என்னென்ன கதை ஓடியது? மாதிரி எடுத்துப் பார்த்ததும் சில நாளில் எலிக்காய்ச்சல் என்று தெரிந்து கதை அடங்கியது.

சரி, ஆய்வுகூடப் பக்கத்துக்கும் நேர்மையாக ஒரு கதிரை போடுவோம், ஏனென்றால் அவர்களிடம் இருக்கிற சந்தேகங்கள் வட்ஸ்அப் குப்பை மட்டும் இல்லை. வௌவால் கொரோனா வைரஸ்களைச் சேர்த்து ஆராய்வதில் உலகத்திலேயே பெயர்பெற்ற ஷி செங்லியின் ஆய்வுகூடம் அதே ஊரில், யாங்சி ஆற்றுக்கு மறுகரையில். இந்த வைரஸ்களின் காட்டு உறவினர்களோ தெற்கே வெகுதூரத்தில் யுன்னான் மாகாணத்திலும் லாவோசிலும். அவர்கள் அந்த வேலையில் ஒரு பகுதியை இரண்டாம் நிலைப் பாதுகாப்பில் (நான்கு நிலைகளில் கீழிருந்து இரண்டாவது) செய்ததை ஷி செங்லியே ஒப்புக்கொண்டார், மூச்சு வழி தொற்றுகிற ஒன்றுக்கு அது காணாது என்று நானே சொல்லுவேன். அவர்களின் வைரஸ் தரவுத்தளம் 2019 செப்டெம்பரில் வெளியாருக்கு மூடப்பட்டது. ஊடுருவல் முயற்சியால் மூடினோம் என்றார்கள். 2018இல் இக்கோஹெல்த் என்ற அமெரிக்க அமைப்பு, வூஹான் ஆய்வுகூடத்தையும் சேர்த்து, அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்திடம் பணம் கேட்டுப் போட்ட விண்ணப்பத்தில், இந்த வகை வைரஸ்களில் ஃபியூரின் வெட்டுமிடம் (வைரஸ் உயிரணுவுக்குள் நுழைய உதவுகிற ஒரு சின்னப் பகுதி) ஒன்றைப் புகுத்திப் பார்ப்பது பற்றியும் இருந்தது. அது நிராகரிக்கப்பட்டது. ஆனால் அடுத்த வருடமே அதே ஊரில் அப்படி ஒரு வெட்டுமிடத்தோடு ஒரு வைரஸ் கிளம்பினால் யாருக்குத்தான் புருவம் உயராது?

ஆய்வுகூடத்தில் இருந்து தவறுவது நடக்காத காரியமும் இல்லை. சார்ஸ் வைரஸே 2003இல் சிங்கப்பூரிலும் தாய்பேயிலும் 2004இல் பெய்ஜிங்கிலும் ஆய்வுகூடங்களில் இருந்து மனிதருக்குத் தொற்றியது. பெய்ஜிங்கில் அங்கே வேலை செய்த மாணவியின் தாயார் இறந்தும் போனார். 1977இல் உலகைச் சுற்றிய இன்புளுவன்சா வைரஸ் 1950 வாக்கில் இருந்த ஒன்றின் அச்சு, இடையில் எங்கோ குளிர்ப்பெட்டிக்குள் இருந்திருக்கவேண்டும்.

இவ்வளவும் இருக்க, 2020 பெப்ரவரியில் 27 விஞ்ஞானிகள் ‘லான்செட்’ மருத்துவ இதழில் அறிக்கை விட்டு, இயற்கை அல்லாத மூலம் என்று பேசுவதெல்லாம் சதிக்கதை என்றார்கள். அதை ஒழுங்குசெய்தவர் அதே இக்கோஹெல்த்தின் அப்போதைய தலைவர் பீட்டர் டசாக். ஆய்வுகூட வழி நம்பத்தக்கதில்லை என்று மார்ச்சில் வந்த இன்னொரு பெயர்பெற்ற கட்டுரையின் ஆசிரியர்கள் தங்களுக்குள் தனியாகப் பரிமாறிய செய்திகளில் பொதுவில் காட்டியதைவிட அதிகம் சந்தேகப்பட்டது பிறகு வெளியே வந்தது. எனக்கு இதில் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. விசாரிக்கிறவன் உறவுக்காரனை விசாரிக்கக்கூடாது என்பது எங்கள் உள்ளூராட்சிச் சபைகளுக்கே தெரிந்த விஷயம். சனம் ஆய்வுகூடக் கதைக்குப் பின்னால் போனதற்குப் பாதிக் காரணம் அந்த அறிக்கைதான் என்பேன்.

அப்படியிருந்தும் நான் ஏன் அந்தப் பக்கம் சாயவில்லை? அவர்கள் கையில் இருந்ததாகத் தெரிந்த வைரஸ்களில் ஒன்றும் இதன் தாயாக இருக்கமுடியாது. யுன்னானின் மோஜியாங் சுரங்கத்தில் 2013இல் எடுத்த ஆர்.ஏ.டி.ஜி.13 என்ற வௌவால் வைரஸைத்தான் எல்லாரும் காட்டுவார்கள். 96 வீதம் ஒற்றுமை என்றால் பெரிதாகத் தெரியும், ஆனால் இந்த வைரஸின் மரபணு ஏறக்குறைய 30,000 எழுத்து, 4 வீதம் என்றால் ஆயிரத்துக்கு மேல் எழுத்து வித்தியாசம், அதுவும் ஒரு இடத்தில் இல்லாமல் முழுவதும் சிதறி. இயற்கையில் அது பல பத்தாண்டுகளின் இடைவெளி. பிறகு 2021இல் லாவோஸ் வௌவாலில் இன்னும் கொஞ்சம் நெருங்கியது, 96.8 வீதம், கிடைத்தது. மனித உயிரணுவில் ஒட்டுகிற பகுதி அதில் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. “மனிதனில் இவ்வளவு நன்றாக ஒட்டுகிறதே, யாரோ வடிவமைத்திருக்கவேண்டும்” என்ற வாதம் அன்றோடு படுத்துவிட்டது.

ஃபியூரின் வெட்டுமிடம்தான் மிச்சம். 12 எழுத்துகள் செருகியது போல இருக்கும். இதன் நெருங்கிய குடும்பத்தில் வேறு எதிலும் இது காணப்படவில்லை, மத்திய கிழக்கில் வந்த மெர்சிலும் சாதாரண சளி தருகிற வேறு கொரோனா வைரஸ்களிலும் இருக்கிறது. ஆக இயற்கைக்குத் தெரியாத வித்தை இல்லை. அதோடு, கைதேர்ந்த ஒருவர் செருகியிருந்தால் நன்றாக வேலை செய்கிற, ஏற்கனவே தெரிந்த ஒரு வெட்டுமிடத்தைச் செருகியிருப்பார். இதில் இருந்தது அரைகுறை. டெல்டா வந்தபோது அதே இடத்தில் ஒரு எழுத்து தானாக மாறி இன்னும் கூர்மையாகியது. இப்படி அரைகுறையான வேலையை ஒரு நல்ல தையற்காரன் செய்வானா என்பது என் கேள்வி, அவசரத்தில் செய்வான் என்பது அவர்கள் மறுமொழி. இதில் முடிவில்லை, நான் நகர்கிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் முதல் குழு 2021இல் வூஹானுக்குப் போய்வந்து ஆய்வுகூட வழி “மிக மிக அரிது” என்றது. அந்த நிறுவனத்தின் தலைவர் டெட்ரோசே அப்படிச் சொல்ல இன்னும் காலம் வரவில்லை என்றார். பிறகு அமைத்த புதிய குழு 2025 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் இருக்கிற ஆதாரத்தின் பாரம் விலங்கு வழியைத்தான் காட்டுகிறது, ஆனால் சீனா கேட்ட தரவைத் தராததால் ஆய்வுகூட வழியை விசாரிக்கவும் முடியவில்லை, நீக்கவும் முடியவில்லை என்றார்கள். நான் கொப்பியில் எழுதியிருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். சீனா இரண்டு கதவையும் பூட்டியது என்பதை மறக்காதே. ஆய்வுகூடப் பதிவேட்டையும் காட்டவில்லை, சந்தைக்கு விலங்கு அனுப்பிய பண்ணைகளையும் காட்டவில்லை. எங்கள் நாட்டில் இருந்து வரவில்லை, உறைந்த மீனில் வந்தது, அமெரிக்க இராணுவம் கொண்டுவந்தது என்று வேறு சொல்லிப் பார்த்தார்கள். “ஒளிக்கிறான் என்றால் ஆய்வுகூடம்தான்” என்கிறாய். சந்தைதான் என்றாலும் ஒளிப்பான், தம்பி. 2003இல் ஒரு முறை பட்டும் அந்த வியாபாரத்தை நிறுத்தாமல் விட்டது யாருடைய தலையில் விழும்?

என் எட்டை இரண்டாக்கவேண்டும் என்றால் ஒன்று போதும். 2019க்கு முந்திய வூஹான் ஆய்வுகூடக் கொப்பி ஒன்றில் இதற்கு 99 வீதம் ஒத்த ஒரு மரபணு வரிசை. அதேபோல ஒரு பண்ணையில் 2019இல் எடுத்து உறைய வைத்த ரக்கூன் நாய் இரத்தத்தில் இதற்கான எதிர்ப்பொருள் கிடைத்தால் நீ உன் பக்கத்தை மாற்றவேண்டும். அதற்குச் சம்மதமா என்று அடுத்த முறை வரும்போது சொல்.

கடைசியாக, படலைக்கு முன்னால் நிற்கிற இலுப்பையில் தொங்கும் வௌவால்களைக் கலைக்கச் சீனவெடி வாங்கச் சொல்லி அம்மா நச்சரிக்கிறா என்றாயே. வேண்டாம் என்று சொல். கொரோனாவின் உறவினர்கள் இருப்பது குதிரைலாட வௌவாலில், அது பூச்சி தின்கிற சின்ன வௌவால். இலுப்பையில் தொங்குகிறது பழந்தின்னி. அதன் இனத்தில்தான் வேறொரு வைரஸ், நிபா, மலேசியாவிலும் வங்காளதேசத்திலும் கேரளத்திலும் மனிதருக்கு வந்தது. வங்காளதேசத்தில் வௌவால் நக்கிய ஈச்சமரச் சாற்றைப் பச்சையாகக் குடித்துத்தான் பலருக்குத் தொற்றியது. வெடி கொளுத்தினால் இந்த மரத்தில் இருப்பது அடுத்த வளவு மரத்துக்குப் போகும், அவ்வளவுதான். விழுந்து கிடக்கிற, வௌவால் சூப்பின மாம்பழத்தைப் பிள்ளைகள் பொறுக்கித் தின்னாமல் பார்க்கச் சொல், கள்ளு முட்டியை மூடிக் கட்டச் சொல்லிச் சீவுகிறவரிடமும் ஒரு வார்த்தை போட்டுவை.